நாற்பதாவது பக்கத்தில் நின்றுபோன நாவலும் டிராலப்பின் கடிகாரமும்

கேள்வி: கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 36. தறி ஓட்டிய ஒரு குடும்பத்தின் கதையை நாவலாக எழுத வேண்டும் என்று பல வருட ஆசை. மூன்று முறை தொடங்கிவிட்டேன், மூன்று முறையும் நாற்பது பக்கத்தோடு நின்றுபோனது. கடைசியாக எழுதியதில், குடும்பத்துப் பெரியவர் தறியை விற்றுவிடுகிறார், அதற்குமேல் ஓடவில்லை. நேரம் கிடைப்பதில்லை, கிடைக்கிற நேரத்தில் மனசு ஓடுவதில்லை. பெரிய நாவலாசிரியர்கள் எப்படித்தான் எழுதினார்கள்? கரு எங்கிருந்து கிடைத்தது? புதிதாக எழுத வருகிறவருக்கு என்ன சொல்வீர்கள்?

பதில்:

பத்துப் பேரைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட ஒரே ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அவரும் உங்களைப் போல மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். எப்படி எழுதினார், எவ்வளவு சம்பாதித்தார் என்பதையெல்லாம் வரவுசெலவுக் கணக்கு மாதிரி சுயசரிதையில் எழுதி வைத்துவிட்டுப் போனவர். இங்கிலாந்துக்காரர், பெயர் ஆன்டனி டிராலப். 1815-இல் பிறந்து 1882-இல் இறந்தார். 1834-இல் லண்டன் அஞ்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1867 வரை அந்தத் துறையிலேயே இருந்தார். தெருவோரத் தபால் பெட்டி பிரிட்டனுக்கு வந்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. சானல் தீவுகளுக்கு வேலையாகப் போனவர் அங்கே வைத்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுக்க, 1852-இல் ஜெர்சி தீவில் முதல் பெட்டிகள் நின்றன. இத்தனைக்கும் நடுவில் 47 நாவல்கள்.

அவருடைய காலை நேரம் எப்படிப் போனது என்று முதலில் பார்ப்போம். 5.30 மணிக்கு மேசை முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது சட்டம். வால்தம் கிராஸ் என்ற ஊரில் குடியிருந்த வருடங்களில், தன்னை எழுப்பிவிடுவதற்கென்றே வயதான குதிரைக்காரர் ஒருவருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். அந்த மனிதர் அதற்கும் முன்னால் எழுந்து காபி போட்டுக் கொண்டுவந்து வைப்பார். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அந்தக் காபி தாமதமாக வந்ததில்லை என்று டிராலப் எழுதுகிறார். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ என்றும் சொல்கிறார்.

முதல் அரை மணி நேரம் எழுத மாட்டார். முந்தின நாள் எழுதியதை வாசிப்பார், வாக்கியங்களின் ஓசை சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அப்புறம் கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத் தொடங்குவார். கால் மணிக்கு 250 சொல். கடிகாரம் ஓடுகிற மாதிரியே அந்த 250 சொல்லும் தவறாமல் வந்தது என்கிறார். மூன்று மணி நேரத்தில் பத்துப் பக்கத்துக்கு மேல் சேர்ந்துவிடும். காலைச் சாப்பாட்டுக்கு உடை மாற்றும்போது அன்றைய எழுத்து முடிந்திருக்கும். அதற்குமேல் அலுவலகம், வாரத்தில் இரண்டு நாள் குதிரைமேல் நரி வேட்டை, மாலையில் சீட்டாட்டம். எழுத்தாளன் என்றால் ஊரைவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை.

ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு போட்டார். வாரம் வாரமாகக் கட்டம். எத்தனை நாளில் முடிக்கப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்து, தினம் எழுதிய பக்கங்களை அதில் குறிப்பார். சராசரியாக வாரத்துக்கு 40 பக்கம். 20-க்கு இறங்கிய வாரமும் உண்டு, 112-க்கு ஏறிய வாரமும் உண்டு. பக்கம் என்றால் எவ்வளவு என்ற குழப்பம் வரக்கூடாது என்பதால் 250 சொல்லுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு சொல்லை எண்ணினார். ஒரு வாரம் சோம்பலாகப் போய்விட்டால் அந்தக் காலிக் கட்டம் கண்ணை உறுத்தும். அந்த உறுத்தல் அவருக்குத் தேவைப்பட்டது.

ரயிலில் நிறைய நேரம் போவதைப் பார்த்து மடியில் வைத்து எழுதச் சின்னப் பலகை ஒன்று செய்துகொண்டார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலில் பெரும்பகுதி ரயில் பெட்டியில் பென்சிலால் எழுதியது. மனைவி ரோஸ் அதைப் பிறகு பார்த்து எழுதிக் கொடுத்தார். 1871-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது அறையில் மேசை ஒன்று அமைக்கச் சொல்லி, கிளம்பின மறுநாளே உட்கார்ந்தார். கரை சேர்வதற்குள் ஒரு முழு நாவல் முடிந்திருந்தது. இன்னொரு கடல் பயணத்தில், குமட்டல் தாங்காமல் காகிதத்தை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடிப் போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்.

இந்தப் பழக்கம் அவர் அம்மாவிடமிருந்து வந்தது. ஃபிரான்சஸ் டிராலப் ஐம்பது வயதுக்கு மேல்தான் முதல் புத்தகம் எழுதினார். கணவர் கடனுக்குப் பயந்து 1834-இல் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்துக்கு ஓடிப்போக, குடும்பமே அங்கே போனது. கணவர் படுக்கையில், மகன் ஹென்றிக்குக் காசநோய், அடுத்து மகள் எமிலிக்கு. மூவரையும் பார்த்துக்கொண்டு, அதற்கான செலவையும் நாவல் எழுதித்தான் அந்த அம்மா சம்பாதித்தார். நோயாளியின் அறையில் மருந்துப் புட்டியும் மைப்புட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்று மகன் எழுதுகிறார். விடியற்காலை நான்கு மணிக்கு மேசைக்கு வந்து, வீடு விழிப்பதற்குள் எழுதி முடித்துவிடுவாராம். 76 வயது வரை எழுதியதில் 114 தொகுதிகள் சேர்ந்தன. மகனை எழுப்பக் காபியோடு ஒரு ஆள் இருந்தார், படியெடுக்க மனைவி இருந்தார். அம்மாவுக்கு அந்த இரண்டும் கிடையாது. வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு எழுதுகிற பெண்கள் யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த அம்மாவைப் பற்றித்தான்.

சரி, இப்படி எழுதினால் உடனே பலன் கிடைத்ததா? இல்லை. முதல் நாவல் 1847-இல் வந்தது, ஒரு காசும் தேறவில்லை. இரண்டாவது நாவலை 375 பிரதி அச்சிட்டதில் 140 விற்றது, பதிப்பாளருக்கு 63 பவுண்டுக்கு மேல் நஷ்டம். மூன்றாவதுக்கு 20 பவுண்டு முன்பணம், அத்தோடு சரி. நான்காவது ‘தி வார்டன்’. இன்றைக்கும் வாசிக்கப்படுகிற அந்தப் புத்தகத்துக்கு 1855 கடைசியில் வந்த முதல் தொகை 9 பவுண்டு 8 ஷில்லிங் 8 பென்ஸ். கல் உடைத்திருந்தால் இதைவிட நன்றாகச் சம்பாதித்திருக்கலாம் என்று அவரே எழுதுகிறார். அப்போது அவருக்கு நாற்பது வயது. இத்தனை வருடமும் அவருக்குச் சோறு போட்டது அஞ்சல் துறைதான். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்கிற புத்தியும் அதுவே: எழுத்தை நம்பி உடனே வேலையை விட்டுவிடாதீர்கள். நானும் அதையே சொல்கிறேன், ராஜினாமாக் கடிதம் எழுதுகிற எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள்.

டிராலப்பைப் பற்றிப் பேசுகிற பலரும் கடிகாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் இறந்த பிறகு 1883-இல் சுயசரிதை வெளியானபோதும் அதுதான் நடந்தது. இப்படி எண்ணி எண்ணி எழுதியவனுக்குக் கலை எங்கே இருக்கப் போகிறது என்று முகம் சுளித்தார்கள், பெயர் இறங்கியது. மனசு கனிந்து வரட்டும் என்று நாவலாசிரியன் காத்திருப்பதும், செருப்புத் தைப்பவர் அப்படிக் காத்திருப்பதும் ஒன்றுதான் என்று அவர் எழுதியிருந்தார். தைக்கிற நூலில் தேய்க்கிறார்களே அந்த மெழுகு, அதை நாற்காலியில் தடவி ஒட்டிக்கொண்டு உட்காருவதே புத்தகம் எழுத நல்ல வழி என்று யாரோ சொன்னதை ஆமோதித்தும் எழுதியிருந்தார். நாற்பது பக்கத்தில் நிற்கிறவர்களும் இதைப் படித்துவிட்டு அலாரம் வைத்து எழுந்திருக்கிறார்கள். பத்து நாள் போகிறது. பதினோராவது நாள் வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறார்கள். அதே புத்தகத்தில் டிராலப் சொன்ன மறுபாதியைக் கவனிக்காததால் வருகிற கஷ்டம் இது. அந்த மறுபாதிக்காகத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பள்ளியில் அவர் ஏழைப் பையன். பணக்காரப் பையன்கள் படித்த ஹாரோ பள்ளிக்குச் சேற்றுப் பாதையில் நடந்தே வந்து போனார், யாரும் விளையாடச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனியாக நடக்கும்போது மனசுக்குள் ஒரு கதையை ஓட்டுவார். ஒரே கதை. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்றைக்குத் தொடரும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட ஓடும். அதற்குச் சட்டங்களும் வைத்திருந்தார். நடக்க முடியாதது எதுவும் கதையில் வரக்கூடாது. தான்தான் நாயகன், ஆனால் திடீரென்று ராஜாவாகவோ பிரபுவாகவோ ஆகிவிடக்கூடாது. இது ஆபத்தான பழக்கம் என்று ஒப்புக்கொள்கிறார், ஆனால் இது இல்லாமல் நான் நாவலே எழுதியிருப்பேனா என்று சந்தேகப்படுகிறார்.

பெரியவரான பிறகும் அந்தப் பையன்தான் எழுதினான் என்று எனக்குத் தோன்றும். பாத்திரங்களோடு ஆசிரியன் சேர்ந்து வாழ வேண்டும் என்கிறார். படுக்கும்போது கூடப் படுக்க வேண்டும், கனவிலிருந்து எழும்போது கூட எழ வேண்டும். அவர்களோடு சண்டை போட வேண்டும், மன்னிக்க வேண்டும், சில சமயம் தோற்றும் போக வேண்டும். இன்னொன்றும் சொல்கிறார்: கதையில் மாதம் முடிகிறபோது, அதில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மாத வயது கூடியிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் தொழிலிலேயே பார்க்கிறேன். பதிப்பகத்துக்கு வருகிற கையெழுத்துப் பிரதிகளை வாசித்துத் திருத்துவது என் வேலை. ஒரு பிரதியில் கதை எட்டு வருடம் ஓடுகிறது. பேத்திக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. பாட்டி மட்டும் முதல் அத்தியாயத்தில் உட்கார்ந்த அதே திண்ணையில், அதே வெற்றிலை உரலோடு, அதே பேச்சைப் பேசிக்கொண்டு இருக்கிறாள். எட்டு வருடத்தில் அவளுக்கு ஒரு பல்கூட விழவில்லை. எழுதியவருக்குத் திறமை இருந்தது, மொழி அழகாகவே வந்திருந்தது. ஆனால் எழுதாத நேரத்தில் அந்தப் பாட்டியை அவர் ஒருநாளும் நினைக்கவில்லை என்பது எழுத்தில் தெரிந்துவிட்டது.

காலை மூன்று மணி நேரத்தில் டிராலப்புக்கு எழுத்து ஓடியது என்றால், மீதி நேரமெல்லாம் பாத்திரங்கள் அவரோடு இருந்ததால்தான் ஓடியது. கிராமங்களுக்குக் கடிதம் போய்ச் சேர வழி வகுக்கும் வேலைக்காக, 1851 முதல் தென்மேற்கு இங்கிலாந்து முழுக்கக் குதிரைமேல் அலைந்தார், நாளுக்குக் கிட்டத்தட்ட 40 மைல். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேச்சுக் கொடுத்தார். ஆளில்லாத மலைப்பக்கம் போய் எழுதிய சில வாரங்களைப் பற்றி ஆசையாகச் சொல்கிறார். பாறைக்கும் மரத்துக்கும் நடுவில் தனியாகத் திரிந்து, பாத்திரங்களின் துக்கத்துக்கு அழுது, அவர்களுடைய அசட்டுத்தனத்துக்குச் சிரித்து எழுதிய நாட்கள் அவை. அப்போது எட்டுப் பக்கம் பதினாறாகுமாம். இந்த மனிதரையா இயந்திரம் என்றார்கள்!

கரு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டீர்கள். இரண்டு நாவல்களுக்கு இடம், காலம் எல்லாம் தெளிவாக இருக்கிறது. வேலை மாற்றலில் அயர்லாந்து போயிருந்தபோது, 1843-இல் ட்ரம்ஸ்னா என்ற ஊரில் நண்பரோடு நடந்து போகையில் இடிந்துபோன ஒரு வீட்டைப் பார்த்தார். யார் இருந்திருப்பார்கள், ஏன் இப்படி ஆனது? அந்த இடிபாட்டுக்குள் நிற்கும்போதே முதல் நாவலின் கதை உருவாகிவிட்டது. ‘தி வார்டன்’ இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரத்தில் பிறந்தது. 1852 கோடைக்காலத்து மாலை ஒன்றில் பேராலயத்தைச் சுற்றி நடந்தவர், அங்கிருந்த சின்னப் பாலத்தின்மேல் ஒரு மணி நேரம் நின்றார். ஓராண்டு அதை மனசில் போட்டு வைத்துவிட்டு, 1853 ஜூலை 29 அன்று முதல் வரியை எழுதினார்.

அந்த நாவலில் பாதிரியார்களின் உலகம் அப்படியே கண்ணுக்கு முன்னால் நிற்கும். ஆனால் அவருக்குப் பாதிரியார்களோடு நெருங்கிய பழக்கமே கிடையாது. கிட்டத்தட்ட இருபது வருடம் ஒரே துறையில் அதிகாரம், பொறாமை, பதவி ஆசை, மேலதிகாரிக்குக் கூழைக்கும்பிடு எல்லாம் பார்த்தவருக்குப் பாதிரியாரின் அங்கி ஒரு உடை மட்டுமே என்று புரிந்திருக்கும், அது என் ஊகம். வங்கி வேலையில் நேரம் கிடைப்பதில்லை என்று வருத்தப்படுகிறீர்களே, நகைக்கடனுக்குத் தாலிக்கொடியைக் கழற்றி வைக்கிற அம்மாவின் விரலை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஒரு நாவலாசிரியருக்கு அதைவிட நல்ல நாற்காலி கிடைக்காது.

தொழில் நுணுக்கத்தில் அவர் சொல்கிறவற்றில் உரையாடலைப் பற்றியது முக்கியம். நிஜத்தில் மனிதர்கள் சின்னச் சின்னத் துண்டாகப் பேசுகிறார்கள், பாதியில் விடுகிறார்கள். நாவலில் அவர்கள் பிரசங்கம் செய்தால் வாசகன் நம்ப மாட்டான். அதற்காக அச்சு அசலாகத் தெருப் பேச்சையும் எழுத முடியாது, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓசையைக் காது பிடிக்க வேண்டும். கதைப்பின்னலைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. உட்காரும்போது முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது என்றே எழுதினார். இதில் நான் முழுக்க உடன்பட மாட்டேன். அவருக்கு மனிதர்கள் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததால் அது செல்லுபடியானது. முதல் நாவலுக்கு, தோராயமாகவாவது எங்கே போகிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

தொடராக எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடும் ஆசை இப்போது எல்லோருக்கும் இருக்கிறது. 1860-இல் ஒரு புதுப் பத்திரிகைக்காக ‘ஃப்ராம்லி பார்ஸனேஜ்’ நாவலைக் கையில் முழுசாக முடிக்காமலே தொடராக விட்டார், 1000 பவுண்டு கிடைத்தது, அவரை எல்லோருக்கும் தெரிந்ததும் அதன் மூலம்தான். இருந்தும் அந்த முறை அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசி அத்தியாயத்துக்குத் தகுந்த மாதிரி முதல் அத்தியாயத்தைத் திருத்துகிற உரிமை ஆசிரியன் கையில் இருக்க வேண்டும் என்றார். தமிழில் தொடர்கதையாகவே பெரிய நாவல்கள் வந்திருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. முதல் நாவலை முடித்துவிட்டு வெளியிடுங்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்வேன்.

இன்னொரு சம்பவம். லண்டனில் ஒரு கிளப்பில் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இரண்டு பாதிரியார்கள் பத்திரிகையை வைத்துக்கொண்டு டிராலப் திரும்பத் திரும்ப அதே ஆட்களைக் கொண்டுவருகிறார் என்று சலித்துக்கொண்டார்கள். பிஷப்பின் மனைவி மிஸஸ் ப்ரௌடியை இருவரும் திட்டினார்கள். இவர் எழுந்துபோய், நான்தான் அந்த ஆசிரியன், வீட்டுக்குப் போய் இந்த வாரமே அவளைக் கொன்றுவிடுகிறேன் என்றார். அதே மாதிரி 1867-இல் வந்த நாவலில் அவள் இறந்தாள். பிறகு அதை நினைத்து வருந்தினார், அவளுடைய நிழல் இன்னும் கூடவே இருக்கிறது என்று எழுதினார். பக்கத்து மேசையில் பேசிய இரண்டு பேருக்காக, பத்து வருடம் கூட இருந்த ஒருத்தியை இழந்துவிட்டார். பாதி எழுதியதை நண்பர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இப்போது உங்கள் நாற்பது பக்கத்துக்கு வருகிறேன். கால் மணிக்கு 250 சொல் என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக நிற்பது தமிழில் விகுதியோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். அதுபோக, அவருக்கு அது பல வருடப் பழக்கம். நீங்கள் காலையில் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள், ஒரு பக்கம் போதும். ஒரு பழைய டைரியில் கட்டம் போட்டு எண்ணிக்கையை மட்டும் குறியுங்கள். முதல் பதினைந்து நிமிடம் நேற்றையதை வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் தூங்குகிறவர்கள் இருந்தால் முணுமுணுத்தால் போதும். இதையே ஒரு நாளும் விடாமல் செய்யுங்கள். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

மீதி நேரத்துக்குத்தான் என் முக்கியமான வேண்டுகோள். பேருந்தில் போகும்போது போனை உள்ளே வைத்துவிட்டு அந்தக் குடும்பத்தை நினையுங்கள். கதையை நகர்த்த வேண்டாம், அவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த மனிதருக்கு ஐம்பது வயதில் முழங்கால் எப்படி இருந்தது? பாவு போடுகிற அன்று தெருவில் யார் யார் கைகொடுக்க வந்தார்கள், யார் வரவில்லை? மகன் தறியில் உட்கார மாட்டேன் என்று சொன்னது எந்த வேளையில், அப்போது அம்மா கையில் என்ன இருந்தது? இவற்றில் முக்கால்வாசி நாவலில் வரவே வராது. இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய கடைசிப் பக்கத்தில் அந்தப் பெரியவர் தறியை விற்றுவிடுகிறார் என்று குறிப்பிட்டிருந்தீர்கள், அதற்குமேல் ஓடவில்லை என்றீர்கள். விற்ற அன்று ராத்திரி அவர் எங்கே படுத்தார்? தறிக்குழியை மறுநாள் மண் போட்டு மூடியது யார், அவரா, மகனா, இல்லை ரொம்ப நாள் அப்படியே திறந்து கிடந்ததா? நாளைக் காலை மேசைக்குப் போவதற்கு முன்னால், இன்று சாயங்காலம் பேருந்தில் இதை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.